ஆறு சட்டை, ஐந்து மதிப்பெண் தாள்

கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே டேப் டீச்சர் என்று பேர் நிலைத்துவிட்டது. தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் பத்தொன்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவர். சாக் கட்டியைக் கையில் எடுத்தால் துணி தானாக வந்து படியும் என்று மாணவிகள் சொல்வார்கள். ஐம்பதாவது வயதில், ஒரு திங்கட்கிழமை, பயிற்சி வாரியத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார். இரண்டாவது மாடியில் ஒரு மேசையைக் காட்டி, ஒரு பீரோ சாவியையும் ஒரு உத்தரவுத் தாளையும் கொடுத்தார்கள்.

தாளில் ஒரே வரிதான் இருந்தது. தையல் பிரிவின் தரக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமையேற்று, அதன் பணிகளைத் திட்டமிடுதல், பகிர்ந்தளித்தல், கண்காணித்தல். டீச்சர் மூன்று முறை படித்தார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மொத்தமாகப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், நான் என்ன பண்ணணும்?"

"அதுலயே இருக்கே."

"இருக்கு சார். அதை எப்படிப் பண்றதுன்னுதான் தெரியல."

"பண்ணப் பண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த கோப்பைப் பிரித்தார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் விளக்கப் பார்த்தார். கணவர் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் நிதானமாகக் கேட்கிற ஆள்.

"அப்ப நீ இனிமே தைக்கச் சொல்லிக்கொடுக்க மாட்ட?"

"மாட்டேன். பரீட்சையில பசங்க சட்டை தைப்பாங்க. அதை மையத்து ஆசிரியர் பாத்து மார்க் போடுவார். அவர் சரியாப் போட்டாரான்னு எங்க குழுவில மூணு பேர் போய்ப் பாப்பாங்க. அந்த மூணு பேரும் சரியாப் பாத்தாங்களான்னு நான் பாக்கணும்."

கணவர் நான்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பள்ளிக்கூடப் பாடத்தில் தலையைக் கவிழ்த்திருந்த மகள் நிமிர்ந்து, "இதுல சட்டையை யாரும்மா போட்டுக்கறது?" என்று கேட்டாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் பதில் தெரியவில்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

வேலை என்று ஒன்று வந்துவிட்டால் சும்மா இருக்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. பதினோரு மையங்கள், மூன்று ஆட்கள், மூன்று வாரம். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளை மேசையில் விரித்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு யாருக்கு எந்த மையம், எந்தக் கிழமை என்று எழுதினார். ஒவ்வொரு மையத்திலும் ஏறக்குறைய இருபது பேர். அதில் ஐந்து சட்டைகளை உருவி எடுத்து மறுபடி மதிப்பெண் போட வேண்டும். ஆசிரியர் போட்டதற்கும் இவர்கள் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் வந்தால், அந்த மையத்தின் எல்லாச் சட்டைகளையும் திருத்த வேண்டும். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. தாளில் எல்லாம் வெட்டிய துணி மாதிரி அளவாக உட்கார்ந்திருந்தது.

மனிதர்கள்தான் அளவுக்குள் அடங்கவில்லை. மூன்று பேரில் மூத்தவருக்கு 'சரி சார்' என்று பேர். ஆள் பருமன், பேச்சு குறைவு. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் கடைசி வரியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது ஆள் ஒரு பெண். முப்பத்தைந்து வயது, பையில் எப்போதும் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும். அவளுக்கு 'ஊசி' என்று பேர். அது அவளுக்கும் தெரியும், வருத்தமில்லை. மூன்றாவது ஆளை எப்போது கைபேசியில் பிடித்தாலும், "பாதி வழி வந்துட்டேன் மேடம்" என்பான். வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் சொல்வான். அவன் 'பாதிவழி'.

பஸ் மாறிப் போக முடியாத முழங்கால் சரி சாருக்கு. அவருக்குப் பக்கத்து மையங்கள் நான்கு. ஊசிக்கு அலுவலகத்தை ஒட்டிய மையமும் ரயிலடி வழியாக மூன்றுமாக நான்கு. மிச்சம் மூன்று பாதிவழிக்கு.

மூன்றாவது வாரக் கடைசியில் அறிக்கைகள் வந்தன. டீச்சர் பிரித்துப் பார்த்தார். முழி பிதுங்கியது.

சரி சார் பார்த்த நான்கு மையங்களிலும் ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. எல்லாம் சரி. பாதிவழியின் மூன்று மையங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு திருத்தம். ஊசியின் நான்கு மையங்களிலோ ஒரே சிவப்பு. ஒரு சட்டைக்குச் சராசரி பதினோரு மதிப்பெண் குறைந்திருந்தது. ஐந்து சட்டைகளில் வித்தியாசம் தெரிந்ததும் அவளே உட்கார்ந்து நான்கு மையங்களின் எல்லாச் சட்டைகளையும் திருத்திவிட்டிருந்தாள். அதன்படி, ஆசிரியர்கள் தேர்ச்சி போட்டவர்களில் இருபத்துமூன்று பேர் தோல்வி.

செய்தி கசிந்து, ஒரு மையத்தின் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார். "எங்க ஆசிரியர் என்ன கண்ணை மூடிக்கிட்டா மார்க் போட்டார்? பக்கத்து மையத்துல ஒரு சட்டைகூட மாறலையாம். எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அம்மாவை அனுப்பினீங்க?" என்று கேட்டார். தூரத்தைப் பார்த்து அனுப்பினேன் என்று எப்படிச் சொல்வது? டீச்சர் டேப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி கேட்டது அதைவிடச் சுருக்கம். "ரெண்டு பேர்ல யார் சரி? அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டு வாரத்துல ரிசல்ட் போகணும்."

டீச்சருக்குச் சரி சார் மேல்தான் சந்தேகம். மனிதர் மையத்துக்குப் போகவே இல்லையோ, வாசலிலேயே கையெழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாரோ? நான்கு மையங்களுக்கும் தொலைபேசி போட்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். பதில் வேறு மாதிரி வந்தது. சரி சார் ஒவ்வொரு மையத்திலும் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை இருந்திருக்கிறார். ஐந்து சட்டை பார்க்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பார்த்திருக்கிறார். ஊசியைப் பற்றியும் விசாரித்தார். மின்னல் மாதிரி வேலை, இரண்டே மணி நேரத்தில் எல்லாச் சட்டையும் முடிந்துவிட்டது என்றார்கள்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தார். சோம்பேறி என்று நினைத்த ஆள் நாள் முழுக்க உழைத்திருக்கிறார். சூட்டிகை என்று நினைத்த பெண் ஒரு சட்டைக்கு ஆறு நிமிடம்தான் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவள் எழுதியது எல்லாம் அளவோடு இருக்கிறது. இவர் எழுதியது ஒரே ஒரு சொல். யாரைத் திட்டுவது, யாரைப் பாராட்டுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவரே கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க லேப்ல ரெண்டு மெஷினும் ரெண்டு விதமாச் சொன்னா, பேரை மறைச்சு ஒரே ரத்தத்தை எல்லாத்துலயும் ஓட்டிப் பாப்போம். எது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும்."

அலுவலகத்தை ஒட்டிய மையத்திலிருந்து ஆறு சட்டைகளை எடுத்துவரச் செய்தார் டீச்சர். காலரில் கட்டியிருந்த தேர்வு எண் அட்டைகளை அவிழ்த்து ஒரு உறையில் வரிசை குலையாமல் போட்டுவிட்டு, அதே வரிசையில் ஒன்று முதல் ஆறு வரை சீட்டு எழுதிக் குத்தினார். திங்கட்கிழமை மூன்று பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலோரம் உட்கார்ந்து தானும் போட்டார். எது சரியான விடை என்று தெரிய வேண்டுமல்லவா, அது தன்னுடைய தாளில் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் எண் சட்டைக்குச் சரி சார் எழுபத்திரண்டு. ஊசி நாற்பத்தொன்பது. பாதிவழி அறுபத்துநாலு. தான் எழுபது. அப்படியானால் சரி சார்தான் சரியா? ஆனால் ஐந்தாம் சட்டையில் தன்னுடைய மதிப்பெண் ஊசியோடு ஒத்துப்போனது. இரண்டாம் சட்டையில் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

எங்கேயோ தப்பு என்று தோன்றி, வியாழக்கிழமை அலுவலகத்து அட்டெண்டர் அம்மாவை விட்டுச் சட்டைகளைக் கலைத்து அடுக்கச் சொன்னார். சீட்டுகளைத் துணியால் மூடிவிட்டு மறுபடி ஒரு முறை தானே போட்டார். மூடியதை விலக்கி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமை எழுபது வாங்கிய மூன்றாம் எண் சட்டைக்கு இப்போது ஐம்பத்தேழு போட்டிருந்தார்.

அதே சட்டை. அதே நாற்காலி. அதே கண்.

அந்தத் தாளையும் செவ்வாய்க்கிழமைத் தாளையும் சேர்த்து மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தார். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம் என்று மனசு தன்பாட்டில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. ஒருத்தி நினைவுக்கு வந்தாள். இரண்டு மதிப்பெண்ணில் தோற்றுப்போனவள். அழவில்லை. தான் தைத்ததை ஒரு தரம் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். பார்க்கக் கூடாது, விதி இல்லை என்று டீச்சர் சொன்னார். அவள் சரி என்று போய்விட்டாள். முகம் நினைவிருந்தது, அந்தக் காலர் எப்படி இருந்தது என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

அன்று மதியமே கூட்டம் போட்டார். ஆறு சட்டைகளும் நீள மேசையில் கிடந்தன. "யாரையும் குறை சொல்லக் கூப்பிடல. இந்த மூணாம் நம்பரை எப்படிப் பாத்தீங்கன்னு செஞ்சு காட்டுங்க, போதும்" என்றார்.

சரி சார் எழுந்து சட்டையைத் தோளில் பிடித்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார். அக்குளைத் திருப்பி அங்கேயும் இழுத்தார். பிறகு மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து, உள்ளங்கையை நனைத்து, காலரின் உள்பக்கத்தில் தடவிவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் ஊசி.

"காயட்டும். உள்ள விறைப்புக்கு வெச்ச கேன்வாஸ் மடிப்பு விழுந்து நிக்குதான்னு பாக்கணும். துவைச்சா பிரியாத சட்டை பாஸ்."

நாள் முழுக்க எங்கே போயிற்று என்பது டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் சட்டைகளை நனைத்துக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஊசி ஸ்கேலை எடுத்தாள். காலரின் இரண்டு முனைகளையும் அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பட்டன் நுழையும் காஜாக்களுக்கு இடையே தூரம்; மூன்றாவது இறங்கியிருக்கிறது. "அளவு தப்புன்னா தப்புதானே மேடம்? இதுல என்ன யோசிக்கறது?"

பாதிவழி சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நான் வெளிப்பக்கம் பாக்கவே மாட்டேன்" என்றான். "ஓரம் மடிச்சிருக்கா, நூல் தொங்குதான்னு மட்டும் பாப்பேன். வெளியில யார் வேணா இஸ்திரி போட்டு ஏமாத்தலாம்."

டீச்சர் மதிப்பெண் படிவத்தை எடுத்துப் பார்த்தார். காலர், இருபது. கை முனையில் வரும் கஃப், பதினைந்து. மொத்த நேர்த்தி, முப்பது. நேர்த்தி என்றால் என்ன என்று எந்த மகராசனும் எழுதி வைக்கவில்லை. ஆளுக்கொரு நேர்த்தியை மனசில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறார்கள்.

கைப்பையைத் திறந்து தன்னுடைய இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார். எழுபதையும் ஐம்பத்தேழையும் விரலால் தொட்டுக் காட்டினார். முதலில் பேசியது ஊசிதான். குரலில் வழக்கமான கூர்மை இல்லை.

"நான் ஒரு சட்டையை ரெண்டாவது தடவை பாக்கறதே இல்ல மேடம். பாத்தா வேற மார்க் வந்துடுமோன்னு பயம்."

அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்புவதற்குள் 'மொத்த நேர்த்தி'யைப் பன்னிரண்டு கேள்விகளாக உடைத்து எழுதினார்கள். இழுத்தால் தையல் நிற்கிறதா என்பதும் இருந்தது, முனை எத்தனை மில்லிமீட்டர் வரை விலகலாம் என்பதும் இருந்தது. அடுத்த வாரம் மூன்று நாள், நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இருநூற்றுச் சொச்சம் சட்டைகளையும் மறுபடி பார்த்தார்கள். ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு பேர், இரண்டு தாள். ஊசியின் இருபத்துமூன்று ஒன்பதாக இறங்கியது. சரி சாரின் மையங்களில் புதிதாக ஐந்து பேர் தோற்றார்கள். மொத்தம் பதினாலு. பாதிவழியின் மையங்களில் ஒன்றும் மாறவில்லை. அது ஏன் என்பது பாதிவழிக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு போனது. "அப்ப ரெண்டு பேர்ல யார் சரி?" என்று அதிகாரி மறுபடி கேட்டார்.

"தெரியல சார்."

அதிகாரி 'வேறுபாடு களையப்பட்டது' என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் தையல் வகுப்பு. நாற்பத்தாறு மதிப்பெண் என்று வந்திருக்கிறது.

"சண்டைக்கு வரல மேடம். எங்க விட்டேன்னு தெரிஞ்சா அடுத்த தடவை சரிபண்ணிக்குவேன். சட்டையைப் பாக்கலாமா?"

டீச்சர் பீரோவைத் திறந்து, எண்ணைப் பார்த்து, சட்டையை எடுத்து அவள் முன்னால் விரித்தார். பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகளின் தாளையும் வைத்தார். இந்த முறை எதற்கும் காரணம் சொல்ல முடியும் என்ற நிம்மதி இருந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை. மேல் பட்டனைக் கட்டைவிரலால் நிமிண்டினாள்.

"இது என்னோடது இல்ல."

"அட்டையில உங்க நம்பர்தான்மா இருக்கு."

"நம்பர் என்னோடதுதான். சட்டை என்னோடது இல்ல. நான் இடதுகைப் பழக்கம் மேடம். பட்டன் கட்டினா நூல் இந்தப் பக்கமாச் சுத்தாது."

டீச்சர் பட்டனைப் பார்த்தார். வலதுகை வேலைதான். சந்தேகமே இல்லை. அட்டையைத் திருப்பினார். பக்கத்தில் சீட்டுக் குத்திய துளை இருந்தது; சோதனைக்கு எடுத்த ஆறு சட்டைகளில் ஒன்று. அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் புரிந்தது. கூட்டம் முடிந்த அன்று உறையிலிருந்து அட்டைகளை எடுத்து மறுபடி கட்டியது தான்தான். கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கட்டினார். விட்ட இடம் எது? அது இப்போது நினைவில்லை.

ஆறு பேரையும் மறுநாள் வரச்சொன்னார். ஆறு சட்டைகளையும் அட்டை இல்லாமல் மேசையில் பரப்பினார். குழுவில் மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். ஒருவர் எடுப்பதை மற்றவர் பார்க்காதபடி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். யாரும் யோசிக்கவே இல்லை. கூட்டத்தில் தன் பிள்ளையை அடையாளம் காட்டுகிற மாதிரி ஆளுக்கொன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வெளியே போனார்கள். ஒரே சட்டையை இரண்டு பேர் தொடவில்லை. மாறியிருந்தது இரண்டு அட்டைகள்தான். மருந்துக் கடைப் பெண்ணின் சட்டை அறுபத்துமூன்று வாங்கியது. நாற்பத்தாறு வாங்கியது, தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட ஒரு லாரி டிரைவருடையது. ஐம்பது வயது. முதுகு கெட்டுப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தையலுக்கு வந்தவர்.

அதிகாரி சுலபமான வழி சொன்னார். "ரெண்டு பேரையும் பாஸ்னு போட்டுடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

உண்மையில் யாருக்கு என்ன நஷ்டம் என்று டீச்சருக்கே குழப்பமாகத்தான் இருந்தது. வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"மத்த பதிமூணு பேர் இருக்காங்களே சார். அவங்க அட்டை மாறாததுதான் அவங்க பண்ணின தப்பா?"

தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டிரைவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். டிரைவர் முழுதாகக் கேட்டார்.

"அப்படியா? நானும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன் மேடம். பாஸ்னு பாத்ததுல இருந்துதான் எனக்குக் குழப்பமே. அன்னைக்கு எனக்குக் காலர் வரல. கேன்வாஸை ஒரு நூல் அளவு பெருசா வெட்டிட்டேன், திருப்பினப்ப முனை முட்டிக்கிச்சு. பிரிச்சு அடிக்க நேரமில்ல."

பன்னிரண்டு கேள்விகளாலும் நான்கு பேராலும் சொல்ல முடியாததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சுவரோரமிருந்த ஊசி அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று டீச்சர் தயங்கிக் கேட்டார்.

"இல்ல. ஏதோ தப்பு நடந்திருக்கும், நாலு நாள் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மறுதேர்வு அடுத்த மாதம். பழுப்புத் தாளை விரித்துக்கொண்டு அதற்கு யாரைப் போடுவது என்று டீச்சர் வெகு நேரம் யோசித்தார். குழுவில் நான்கு பேருக்கும் டிரைவரின் கைவேலை தெரிந்துவிட்டது. தெரிந்தவர் பார்த்தால் மனசு இளகலாம். இளகக் கூடாது என்று இறுகவும் செய்யலாம். கடைசியில் பக்கத்துப் பிரிவிலிருந்து, தோல் பை தைக்கச் சொல்லித்தரும் இரண்டு பேரைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு ஒரு நாள் முழுக்கக் காலரைக் காட்டி, பன்னிரண்டு கேள்விகளையும் கையில் கொடுத்தார். அட்டைகளை அட்டெண்டர் அம்மாவே, இன்னொருவரைக் கூட வைத்துச் சரிபார்த்து, கட்டினாள். டீச்சர் பக்கத்தில்கூடப் போகவில்லை.

டிரைவருக்கு அறுபத்தொன்று வந்தது. அன்று சாயங்காலமே அவர் கைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், இந்தத் தடவை என் சட்டைதானே அது?"

"உங்க சட்டைதான். ரெண்டு பேர் பாத்துக் கட்டினாங்க."

"மார்க்கும் சரிதானே?"

"சரின்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"ஆமா. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "எனக்கும் அறுபது வரும்னுதான் தோணுச்சு. அப்ப வீட்டுல சொல்லிடறேன்."